பிறர் உளம் நோவாப் பேரறிவு: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

கல்வி பெருகுந்தோறும் அடக்கமும் பெருகுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயினும், நூல்வல்லார் பலர் நாவடக்கத்தில் வறியராயிருத்தலை உலகிற் காண்கின்றோம். அவைக்கண் ஒருவன் சொல்வழுவை எடுத்துக்காட்டி அவனைத் தலைகுனியச் செய்தலே புலமைக்கு அழகெனக் கருதுவார் எக்காலத்தும் உளர். வழுவைக் கண்டும் காணாதார்போல் இருந்துவிடுதல் நூலுக்குச் செய்யும் குற்றம். அதனைக் காட்டுமாற்றால் ஒருவன் உள்ளத்தைப் புண்படுத்துதல் உயிருக்குச் செய்யும் குற்றம். இவ்விரண்டினையும் விலக்கி இடையே செல்லும் நெறி மிக நுண்ணியது. அந்நெறியிற் பெரும்பாலும் வழுவாது ஒழுகியவர் திருவாவடுதுறையாதீனத்து மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர்களுடைய பாடல்களின் பெருமையை அறிஞர் பலர் பலகால் எடுத்துரைத்துள்ளனர். அப்பாடல்களைப் பாடிய நா, இடர்ப்பாடான வேளைகளில் எங்ஙனம் இயங்கிற்று, எங்ஙனம் இயங்காதிருந்தது என்பதையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்கள் மாணாக்கராகிய மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்ட சரித்திரமும், தம் வரலாறாகப் பின்னர் எழுதிய நூலும் இதற்குத் துணையாவன.

இளமையும் கல்வியும்

பிள்ளையவர்கள் திரிசிரபுரத்தை அடுத்த அதவத்தூரில் 1815 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆந் தேதி தோன்றினார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் மதுரைத் திருக்கோயிலிற் பணிபுரிந்தவராதலின் அப்பெருமான் திருநாமமே மைந்தர்க்குப் பெயராயிற்று. தமிழ்க் கல்வியின் தொடக்கம் தந்தையாரிடத்தே. அவர் விரைவிற் காலஞ்சென்றமையால் வறுமையும் குடும்பப் பொறுப்பும் இளம்பருவத்திலேயே வந்து சூழ்ந்தன. நூல்கள் பெரும்பாலும் ஏட்டில் இருந்த காலம் அது. ஒரு நூலைக் கற்றல் வேண்டின், முதலில் ஏடுடையாரைக் கண்டறிதல் வேண்டும். பின்னர் அவர் மனம் இளகுமாறு செய்தல் வேண்டும். அதன்பின்னரே பாடங் கேட்டல் கூடும்.

அந்நாளில் திரிசிரபுரத்தில் வீடுதோறும் பிச்சையேற்றுண்ணும் பரதேசி ஒருவர் இருந்தார். அவர் தண்டியலங்காரத்தில் நல்ல பயிற்சியுடையவர். ஆயினும் எளிதிற் பாடஞ் சொல்லும் இயல்பினரல்லர். நூலையறிந்தவர் அருமையாகவே கிடைத்த காலமாதலின், பிள்ளையவர்கள் அவர் பிச்சைக்குச் செல்லுந் தெருக்களிலெல்லாம் உடன்சென்று, அவர்க்கு வேண்டுவன செய்து, அவர் உள்ளம் உவந்திருக்கும் வேளை நோக்கி வினவி, சிறிது சிறிதாக அந்நூல் முழுவதையும் கேட்டு முடித்தார்கள். பிச்சைக்காரர் பின்னே திரிகின்றான் இவ்விளைஞன் என்று ஊரார் கூறக்கூடும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஒருவர் இயல்பையறிந்து அதற்கேற்ப நடந்து காரியத்தை முடிக்கும் ஆற்றல் இவ்வாறு வறுமைப் பள்ளியிலேயே அவர்களுக்கு வாய்த்தது. பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய பின்னரும் அது மாறவில்லை என்பதே கருதத்தக்கது. தேவையால் வந்த பணிவு தேவை தீர்ந்தவழி நீங்கிவிடும். இயல்பால் வந்த பணிவு நிலைத்து நிற்கும்.

பின்னர்ச் சென்னை சென்று அங்கிருந்த பெரும்புலவர்களோடு பழகியும், திருவாவடுதுறையாதீனத் தொடர்பு பெற்றும் அவர்கள் புலமை வளர்ந்தது. அம்பலவாண தேசிகர் ஆதீனத் தலைமை பூண்டிருந்த காலத்து மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. 1860 ஆம் ஆண்டு முதல் மாயூரத்தில் வசிக்கலாயினார்கள். தலபுராணங்கள் இருபதுக்கு மேலும், பிள்ளைத்தமிழ்கள் பத்தும், அந்தாதி, கோவை, கலம்பகம் முதலிய பிற பலவும் அவர்கள் பாடியன. சேக்கிழார் பெருமானுக்குப் பிள்ளைத்தமிழ் பாடித் தந்த பெருமையும் அவர்களதே.

மாணாக்கரை ஏற்ற முறை

1871 ஆம் ஆண்டில் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் புதல்வரை அழைத்துக்கொண்டு மாயூரம் வந்தார். மைந்தர்க்கு அப்போது வயது பதினாறு. பிள்ளையவர்களிடம் ஒப்பித்துவிடுதல் வேண்டும் என்பதே தந்தையார் விருப்பம். இந்நிலை பிள்ளையவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. சின்னாட் கேட்டுவிட்டு இடையே நீங்கிய மாணாக்கர் பலரை அவர்கள் கண்டிருந்தார்கள். அன்றியும், வந்தவர் அந்தண மரபினராதலின் உணவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மாயூரத்தில் அதற்கு வசதியில்லை. கையிற் பொருளும் இல்லை. இல்லை என்று கூறி அனுப்பிவிடின் ஆர்வமுடைய ஓர் இளைஞரின் வாழ்வு திசைமாறும். ஏற்றுக்கொண்டு பின்னர் உணவின்றி வருந்தவிடின் அது பெரும்பிழையாம். பிள்ளையவர்கள் மறுக்கவுமில்லை, இயலாததை வாக்களிக்கவுமில்லை. திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்குங் காலங்களில் உணவுக்கு வழி செய்தல் கூடும் என்பதையும், மாயூரத்தில் அது கூடாமையையும் உள்ளவாறே தெரிவித்து, முடிவைத் தந்தையார் கையில் விட்டார்கள். அவர் மாயூரத்துச் செலவைத் தாம் ஏற்பதாகக் கூறவே இடர் நீங்கிற்று. தம் வறுமையை மறைக்காமலும், வந்தவர் நாணாமலும் பேசிய அப்பேச்சே ஒரு பாடமாகும்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் நுண்ணியது. அம்மாணாக்கர்க்குக் குடும்ப வழக்கப்படி இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. பிள்ளையவர்கள் சைவத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்கள்; நாள்தோறும் பன்முறை தம் நாவால் அழைக்க நேரும் பெயர் சிவசம்பந்தமுடையதாயிருத்தலை உள்ளத்தால் விரும்பினார்கள். இதனை வெளிப்படக் கூறின், மைந்தர்க்குத் தம் முன்னோர் பெயரை இட்டு மகிழ்ந்த தந்தையார் மனம் என்னாகும்? ஆதலின் அவர்கள் பெயரைக் குறை கூறவில்லை, மாற்றிக்கொள்ளுமாறும் ஏவவில்லை. வீட்டில் வேறு பெயரால் அழைப்பதுண்டோ என்று மட்டும் வினவினார்கள். சாமா என்று அழைப்பதுண்டு என்றும், அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்றும் விடை வந்தது. அப்பெயரால் அழைத்தல் தமக்கு உவப்பாம் என்றார்கள். சுவாமிமலை முருகனது திருப்பெயர் அது. புதிதாக ஒன்று திணிக்கப்படவில்லை. முன்பே இல்லத்தில் வழங்கிய பெயர் ஒன்று முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று அமைந்த பெயரையே இன்று தமிழுலகம் முழுவதும் அறியும்.

சொல்லாமலே உணர்தல்

வந்த மாணாக்கரைப் பிள்ளையவர்கள் உடனே தம் பாடத்திற் சேர்த்துக்கொள்ளவில்லை. தம்முடன் இருந்து பயின்ற சவேரிநாத பிள்ளையிடம் முதலில் நைடதம் கேட்குமாறு அமைத்தார்கள். அவர் கிறிஸ்தவ சமயத்தவர். புதிய மாணாக்கர் உள்ளம் ஆசிரியர்பாலே நேரே பாடங்கேட்க விழைந்தது. அதனை வாய்விட்டுக் கேட்பின் உடன்பயில்வாரைக் குறை கூறியதாக முடியும். ஆசிரியர் ஏற்பாட்டை மறுத்ததாகவும் முடியும். ஆதலின் அவர் மற்றொரு வழி நாடினார். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்திற் புதியனவாக வைத்த மரங்களில் மிக்க அன்பு பூண்டு, காலைதோறும் எங்கே தளிர் விட்டிருக்கின்றது என்று பார்த்துவருதல் வழக்கம். மாணாக்கர் அதனைக் கவனித்து, விடியலில் முன்னரே சென்று தளிர்களைத் தேடிவைத்து, ஆசிரியர் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் காட்டலானார். இவ்வாறு சில நாட் சென்றன. அவ்விளைஞர் காட்டியது தளிரையன்று, தம் உள்ளத்தையே என்பதைப் பிள்ளையவர்கள் உணராதிருப்பார்களோ? அவர் கேளாதிருந்ததை அவர்களும் கேளாமலே அளித்தார்கள். தாம் இயற்றிய திருக்குடந்தைத் திரிபந்தாதி முதலியவற்றைத் தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார்கள். இருவரும் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு சிக்கல் தீர்ந்தது. இடையிலிருந்த சவேரிநாத பிள்ளைக்கும் மனக்குறை உண்டாகவில்லை.

மாணாக்கர் ஒருவர் பாடலைத் தவறாகப் படித்தாலும், பொருளை மாற்றிக் கொண்டாலும், பிள்ளையவர்கள் கடிந்துரைப்பதில்லை. உரிய பாடத்தையும் பொருளையும் அமைதியாகச் சொல்லிச் செல்வார்கள். படித்தவர் தம் தவற்றைத் தாமே உணர்ந்துகொள்வார். அவர்கள் மாணாக்கருள் ஒருவராகிய தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியிற் பெரும்புகழுடன் தமிழாசிரியராயிருந்தவர். உள்ளத்திற் பட்டதை அஞ்சாது வெளிப்படக் கூறுபவர். ஆசிரியரும் மாணாக்கரும் இயல்பில் இருவேறு துருவங்களாக இருந்தும், பிள்ளையவர்கள் அவரைத் தம்போலாக்க முயன்றதில்லை. அவர் இயல்பை அவர்க்கே விட்டு அன்பு செய்தார்கள். இதுவும் ஒரு நயத்தக்க நாகரிகமேயாம்.

பாரதியாரும் பிள்ளையவர்களும்

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரத்தில் வாழ்ந்தவர். அவர் தம் நூலுக்குப் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெற விரும்பிப் பலமுறை வந்தார். பிள்ளையவர்களுக்கோ அந்நூலில் இலக்கண வழுக்கள் பல இருத்தல் தடையாயிருந்தது. நந்தனாரை வருத்தும் வேதியராகிய பண்ணைத்தலைவரும், அவர் விதிக்கும் கட்டளைகளும் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் வரலாற்றில் இல்லாதன என்பதும் சைவவுலகம் அறிந்ததே. பாயிரம் அளித்தலோ பெருமை வாய்ந்த செயல். இலக்கணத்தை உயிரெனக் கொண்ட புலவர் ஒருவர் கையொப்பமிடுதல் போல்வது அது. அளிக்க உள்ளம் இசையவில்லை. சிவபத்தியிற் சிறந்த முதியவர் ஒருவரை, உமது நூல் வழுவுடையதென்று கூறி அனுப்பவும் உள்ளம் இசையவில்லை. ஆகவே காலத்தை நீட்டித்தார்கள்.

ஒருநாள் பகலிற் பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது வந்த பாரதியார், அவர்களை எழுப்பாமல், புறத்தே அமர்ந்து தம் கீர்த்தனைகளுள் ஒன்றைத் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்தார். தில்லைக் கூத்தனைக் காண ஏங்கும் அன்பின் குரல் அது. விழித்தெழுந்த பிள்ளையவர்கள் அதனைக் கேட்டு உருகினார்கள். வழுக்களைக் கண்ட அறிவு பின்னே நின்றது. அன்பைக் கண்ட உள்ளம் முன்னே வந்தது. சிறப்புப்பாயிரம் அன்றே கிடைத்தது.

இங்கே யாம் ஒன்று வினவுதல் கூடும். நீட்டித்தல் நேர்மையோ? முதல்நாளே இல்லை என்று கூறியிருப்பின் அம்முதியவர் பலமுறை நடந்து வருந்தியிருக்க வேண்டுவதில்லையன்றோ? இவ்வினா தள்ளத்தக்கதன்று. ஆயினும், முதல்நாளே இல்லை என்று கூறியிருப்பின் அச்சொல்லைத் திரும்பப் பெறுதல் அரிதாயிருக்கும். கூறாது வைத்தமையால், தம் மனம் மாறுதற்கும் இடம் வைத்தார்கள். நீட்டிப்பிற்கு வேறு பயன் கருதியவர்கள்போல் அவர்கள் பொய்யான புகழ்மொழி ஒன்றும் இடையிற் கூறவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அதே பாரதியாரைக் குறித்து மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சாமிநாதையரவர்கள் இசைமரபில் வந்தவர். தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மாயூரத்தில் இருக்குங்கால் அவர் பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கினார். இது பாரதியார் வாயிலாகவே பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தது. இசையிற் பழகிய உள்ளம் இலக்கண இலக்கியங்களில் ஊன்றாது என்பது அவர்கள் கருத்து. அதனை உரத்துக் கூறவில்லை, தண்டிக்கவுமில்லை. தம் கருத்தைச் சுருங்கத் தெரிவித்தார்கள். மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இசையையும் தமிழையும் ஒன்றெனக் கொள்ளும் நமக்கு அக்கருத்து முழுதும் உடன்பாடன்று. மெல்லிய சொல்லும் சிலகால் கட்டளையினும் வலிதாகிவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். அன்புடையார் பிறர்மேற் செலுத்தும் அதிகாரம் பெரிதாதலின், அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை நிறுத்தல் வேண்டும்.

பிற சமயத்தாரிடத்து

பிள்ளையவர்கள் சைவத்திற் கொண்ட உறுதியை எவரும் ஐயுறார். ஆயினும் அவர்கள்பாற் பாடங்கேட்டோருள் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். மாயூரத்து முன்சீபாகிய வேதநாயகம் பிள்ளையவர்களும் கிறிஸ்தவரே. அவர்மேற் பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை என்னும் நூல் பாடியுள்ளார்கள். சைவப் பெரும்புலவர் ஒருவர் பிற சமயத்தாரைத் தலைவராக வைத்துக் கோவை பாடுதல் பொருந்துமோ என்று ஐயுறுவார்க்கு அவர்கள் வாழ்க்கையே விடையாகும். தம் சமயத்தை ஒருபோதும் விட்டுக்கொடாதவர் பிறரோடு அளவளாவ அஞ்சவேண்டுவதில்லை. அந்நட்பால் ஆதீனத்திற்கும் நன்மையே விளைந்தது: வேதநாயகம் பிள்ளையவர்கள் சுப்பிரமணிய தேசிகரவர்களிடத்துப் பெருமதிப்புப் பூண்டு அவர்மேற் பாடல்கள் பல இயற்றியமை யாவரும் அறிந்தது. வாதத்தால் அடையலாகாத ஒன்றை இன்சொல் அடைந்தது.

தமக்கெனப் பேசாமை

இத்துணை நயமுடைய நா ஓரிடத்தில் முற்றிலும் அடங்கிவிட்டது. அவ்விடம் தம் தேவை. மாணாக்கரிடம் பொருள் பெறாது பாடஞ் சொன்னார்கள். பலர்க்கு உணவும் இடமும் அளித்தார்கள். தாம் பாடியவற்றைப் பிறர் பெயரால் வெளிவரவும் இசைந்தார்கள். வல்லூர்த் தேவராச பிள்ளை பெயரால் வழங்கும் குசேலோபாக்கியானம் அவர்கள் வாக்கே என்பதைச் சாமிநாதையரவர்கள் எழுதியுள்ளார்கள். வந்த பொருள் வந்தவாறே செலவாயிற்று, கடன் வளர்ந்தது. 1869 முதல் ஆதீனத் தலைமையில் வீற்றிருந்தவர்களோ தமிழருமையை நன்குணர்ந்த சுப்பிரமணிய தேசிகர். ஒரு சொற் கூறியிருப்பின் உதவி வாராதிருக்குமோ? பிறர்பொருட்டுப் பல்லாயிரம் சொற்களைப் பாடியவர்க்கு அவ்வொரு சொல் எளிதாயிருக்கவில்லை. இறுதிக் காலத்திலும் கடன்காரர் தொல்லை நீங்கவில்லை.

இதனைக் குணமென்று மட்டும் புகழ்ந்து மேற்செல்லுதல் முறையன்று. அடக்கத்திற்கும் ஓர் எல்லையுண்டு. புலவர் கூசி வாய்திறவாராயின், அவரைச் சூழ்ந்திருப்போர் தாமே அறிந்து செய்தல் கடன். நம் திருமடங்களிற் பாடஞ் சொல்லும் புலவர் நிலையை நாம் வினவாமலே அறிதல் வேண்டும் என்னும் படிப்பினை இவ்வரலாற்றில் உள்ளது. தளிரைக் காட்டிய மாணாக்கர் உள்ளத்தை ஆசிரியர் உணர்ந்தார். ஆசிரியர் உள்ளத்து வருத்தத்தை உணர்ந்து முழுதும் தீர்த்தார் அக்காலத்து இலரானமை வருந்தத்தக்கது.

சித்தாந்த நோக்கு

பிள்ளையவர்கள் ஒழுகிய முறையைச் சித்தாந்த நெறிநின்று நோக்குவோம். ஞாயிறு ஒன்றே, அதன் முன்னர்த் தாமரைகள் ஒரே காலத்து மலர்வதில்லை. முதிர்ந்த அரும்பு விரிகின்றது, முதிராதது காத்திருக்கின்றது. அரும்பைக் கையாற் பிரித்தால் மலராகாது, சிதையும். ஆசிரியனும் உயிர்களின் பக்குவம் நோக்கியே அறிவுறுத்துகின்றான். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், தன் குறையை மற்றொருவன் உரத்துக் கூறுங்கால் அதனை ஏற்பதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே முனைகின்றது. திருத்தவந்த சொல்லே மலத்திற்கு உரமாகிவிடுகின்றது. மெல்லச் சொல்லுதல் உலகியல் நயம் மட்டுமன்று. உயிரின் இயல்பறிந்தார் கொள்ளும் முறையுமாகும். மெல்லிய சொல்லால் உண்மை குறைவதில்லை. பெயர் மாறிற்று, பாடம் திருந்திற்று, பாயிரமும் கிடைத்தது. இவற்றுள் ஒன்றிலும் பொய் கலக்கவில்லை.

இறுதி

1876 ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதம் 1ஆந் தேதி இரவு பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் இறைவன் திருவடி எய்தினார்கள். அவ்வேளையில் அவர்களைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. திருவாசகத்து அடைக்கலப்பத்தை அருகிருந்து படித்தவர் சாமிநாதையரவர்கள். கிறிஸ்தவர் ஒருவர் தாங்க, அந்தணர் ஒருவர் திருமுறை ஓத, சைவ வேளாளப் பெரும்புலவர் ஒருவர் உயிர்நீத்த அக்காட்சியை எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. அறுபதாண்டு பேசிய இன்சொற்கள் யாரை யாரை அருகே கொணர்ந்து நிறுத்தினவோ, அவர்களே அன்று அருகில் நின்றனர்.

ஆசிரியரை இழந்த மாணாக்கரைச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் கைவிடாது தாமே பாடஞ் சொல்லிப் போற்றினார்கள். 1880 ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரிப் பணியை அவர்க்கு வாங்கித் தந்தார். 1887 இற் சிந்தாமணியும், 1889 இற் பத்துப்பாட்டும், 1892 இற் சிலப்பதிகாரமும், 1894 இற் புறநானூறும் அவர் கையால் வெளிவந்தன. 1871 இல் மாயூரத்தில் ஓர் ஏழைத் தந்தையார் மனம் நோக ஒரு சொல் பிறந்திருப்பின், அம்மைந்தர் திரும்பிச் சென்றிருப்பர். அச்சொல் பிறவாமையின் பயனை இன்று நாம் நுகர்கின்றோம். மடங்களிலும் கழகங்களிலும் கற்பிக்குந் தொழில் பூண்ட அன்பர்கள், தம் முன் வந்து நிற்கும் இளைஞரிடம் வாய் திறக்குமுன் இதனை ஒருகால் நினைவார்களாக.

திருச்சிற்றம்பலம்.